நாற்பத்தோராம் படி

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு ஒன்பது சர்வர்கள் ஒரே மூச்சில் செத்துப்போயின. புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, அவற்றைக் கொன்றவள் என்று பெயர் வாங்கியவள் சித்தியின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அழாம சொல்லும்மா. அழுதுக்கிட்டே சொன்னா எனக்குப் பாதிதான் புரியும்," என்றாள் சித்தி.

"அழாம சொன்னாலும் பாதிதான் புரியும் சித்தி. கம்ப்யூட்டர் சமாச்சாரம்," என்றான் வால்.

சித்தி துப்பறியும் தொழிலுக்கு வருமுன் இருபத்திரண்டு வருடம் சட்டப் புத்தகங்களுக்குப் பிழை திருத்தியவள். ஆயிரம் பக்கத்தில் ஒரு தாள் மாறிப்போயிருந்தால் புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிவிடுவாள் என்று அச்சகத்தில் பேச்சு உண்டு. வால் அவளுடைய அக்கா மகன். மூன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்து, மூன்றிலிருந்தும் தன் வாயாலேயே வெளியே வந்தவன். இப்போது சித்தியிடம் உதவியாளன். சொந்தம் என்பதால் திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

வந்தவளை அவளுடைய திட்டத்தில் 'அவசரம்' என்று கூப்பிடுவார்கள். அங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அநாகரிகம் என்று முறைப்பார்களாம்.

"முதல்ல இந்தத் திட்டம் என்னன்னு சொல்லு," என்றாள் சித்தி.

வால் முந்திக்கொண்டான். "ஒன்பது கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டி ஒரே பெரிய கம்ப்யூட்டரா நடக்க வைக்கறது சித்தி. அதுக்குப் பேர் கிளவுட். அதுக்கு வேணுங்கற சாஃப்ட்வேரை இவங்க ஊர் கூடி எழுதறாங்க. யார் வேணா எடுத்துக்கலாம், யார் வேணா திருத்தலாம். ஒளிவுமறைவே கிடையாது. எல்லாம் திறந்து கிடக்கும்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்திருக்கா?"

"திறந்து கிடக்கறதை யார் பார்ப்பாங்க?"

அவசரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள். இந்த சாஃப்ட்வேரை ஒன்பது சர்வரில் ஏற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. இருநூற்றுப் பதினாலு பக்கக் கையேட்டைப் பார்த்து, படிப்படியாகக் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். மூன்று நாள் ஆகும். அதை வெற்றிகரமாகச் செய்யக்கூடியவர் உலகத்திலேயே ஒரே ஒருவர். அவருக்குப் பட்டப்பெயர் 'கைராசி'. இதுவரை முப்பத்தேழு இடங்களில் செய்திருக்கிறார், ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

"அதை ஒரு டூல் வெச்சு தானாவே ஓட விடலாம்னு நான் சொன்னேன் மேடம். கையேட்ல இருக்கற படிகளை அப்படியே எடுத்து வரிசையா ஓட்டும். அதைத் தவிர ஒரு வரிகூட அதுவா எதுவும் செய்யாது. நேத்து எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டினேன். நாற்பது படி வரைக்கும் அழகா ஓடுச்சு. நாற்பத்தோராவது படியில டிஸ்க்கையெல்லாம் துடைச்சுட்டு நின்னுடுச்சு. அறுபது பேர் பதினோரு வாரமா பண்ணின டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் அதுலதான் இருந்தது."

"காப்பி எடுத்து வைக்கலையா?" என்றான் வால்.

"காப்பி எடுக்கறது ஐம்பத்திரண்டாவது படி."

வால் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். "முன்னாடியே சோதிச்சுப் பார்த்திருக்கலாமே?"

"பார்த்தேன். ஒவ்வொரு படியையும் தனித்தனியா சோதிச்சேன். எல்லாம் பாஸ். அந்தத் துடைக்கற படியும் பாஸ்தான். துடைச்சுதே!"

இந்தத் தடவை அவனால் அடக்க முடியவில்லை. சித்தி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அச்சகமே நடுங்கும். வால் மட்டும் பழகிவிட்டான்.

"இன்னிக்கு நாலு மணிக்கு கமிட்டி கூடுது மேடம். டூலைத் தூக்கி எறியணுமா, திட்டத்துல மத்தவங்க திருத்தத்தை ஏத்துச் சேர்க்கற உரிமையை என்கிட்ட இருந்து பிடுங்கணுமான்னு ஓட்டுப் போடப்போறாங்க. நான் வேணும்னே பண்ணினேன்னுகூடச் சிலர் பேசறாங்க. அந்த உரிமை போச்சுன்னா என் வேலையும் போச்சு. என் கம்பெனி என்னை எடுத்ததே இந்தத் திட்டத்துல நான் இருக்கேன்னுதான்."

சித்தி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வாடா, போய்ப் பார்ப்போம்."

*

திட்டத்தின் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. வாசலில் பெரிய எழுத்தில் 'எல்லோருக்கும் திறந்தது' என்று பலகை. அதற்குக் கீழே பூட்டிய கண்ணாடிக் கதவு. அழைப்பு மணி வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்ய ஒரு துணைக்குழு அமைத்திருப்பதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். காகிதம் மஞ்சளாகிவிட்டிருந்தது.

வால் கண்ணாடியைப் பத்து நிமிடம் தட்டிய பிறகு கமிட்டித் தலைவர் வந்து திறந்தார். இவருக்குப் பட்டப்பெயர் 'பார்க்கலாம்'. யார் எதைக் கேட்டாலும் அந்த ஒரே பதிலைச் சொல்லி ஒன்பது வருடமாகப் பதவியில் இருப்பவர்.

"துப்பறியறவங்களா? நல்லது, நல்லது. எங்ககிட்ட மறைக்க எதுவுமே இல்லை. அந்த டூலை நாங்க எவ்வளவு ஆதரிச்சோம் தெரியுமா? அதுக்குப் பேர் வைக்கறதுக்கே ஏழு மாசம் விவாதம் பண்ணினோம். முந்நூத்திப் பன்னெண்டு மெயில்!"

"பேர் வெச்சாச்சா?" என்று கேட்டாள் சித்தி.

"பார்க்கலாம்."

உள்ளே நீளமான மேஜை, நாற்காலிகள், சுவரெல்லாம் புகைப்படங்கள். மூலையில் ஒரு புத்தக அலமாரி. அதில் தடிமனான நீல அட்டைப் புத்தகங்கள் பதினொன்று வரிசையாக நின்றன. அதுதான் அந்தக் கையேடு. ஆர்வலர்கள் வாங்கிப் போய், முயன்று பார்த்து, திருப்பிக் கொண்டுவந்து வைத்த பிரதிகள்.

சித்தி ஒன்றை எடுத்தாள். திறக்கவில்லை. தாள்களின் வெளி ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். பதினொன்றையும் அப்படியே பார்த்து முடித்தாள்.

"படிக்காமலே மார்க் போடறீங்களா சித்தி?"

"இங்க பாருடா. முன்பாதி ஓரமெல்லாம் விரல் பட்டு அழுக்காயிருக்கு. ஓர் இடம் வந்ததும் அழுக்கு நின்னுடுது. அதுக்கப்புறம் பின்பாதி பூரா வெள்ளை வெளேர்னு, அச்சகத்துல இருந்து வந்த மாதிரி இருக்கு."

"போர் அடிச்சுத் தூங்கியிருப்பாங்க."

"பதினோரு பேருமா? ஒரே பக்கத்துலயா?"

சித்தி அழுக்கு முடியும் இடத்தில் நகத்தை வைத்துப் புத்தகத்தைப் பிரித்தாள். தொண்ணூற்று ஏழாம் பக்கம். அதன் நடுவில், மற்ற வரிகளைப் போலவே சாதுவாக உட்கார்ந்திருந்தது நாற்பத்தோராம் படி. பொது டிஸ்க்கைச் சுத்தம் செய்யவும் என்று ஒரு வரி. அதன் கீழே தட்டச்சு செய்ய வேண்டிய ஒரு நீண்ட கட்டளை.

"சுத்தம்னா?" என்றாள் சித்தி.

வால் கட்டளையை வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தான். அவன் முகத்தில் இருந்த கிண்டல் இறங்கியது. "சுத்தம்னா சுத்தமா துடைக்கறது சித்தி. முதல் நாற்பது படியில கஷ்டப்பட்டு வெச்சதெல்லாம் அந்த டிஸ்க்லதான் இருக்கும். அதைப் போய் ஏன் துடைக்கணும்?"

"அதை எழுதினவரைக் கேட்போம்."

*

கைராசி ஜன்னலோர நாற்காலியில் தன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கைக்கு ஏதோ களிம்பு தடவிக்கொண்டிருந்தார். பாடகர் தொண்டையைப் பார்த்துக்கொள்வது போல அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"பாவம், அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபமே இல்லை. வேகமா போகணும்னு நினைக்கற வயசு. ஆனா இன்ஸ்டால்ங்கறது கைவேலை. மெஷினுக்கு என்ன தெரியும்?"

"இந்தக் கையேடு நீங்க எழுதினதா?"

"ஒவ்வொரு வரியும் என்னுது."

"நாற்பத்தோராம் படி?"

ஒரு நொடி விரல்கள் நின்றன. பிறகு களிம்பு மறுபடி தேய்ந்தது. "அது ரொம்ப முக்கியமான படி. சரியான படி. நான் ஒவ்வொரு தடவையும் செய்யறதுதான். ஆனா அதுக்குக் கை வேணும். பக்குவம் வேணும்."

"ஒரே கட்டளைதானே சார்? யார் தட்டினாலும் ஒண்ணுதானே?" என்றான் வால்.

"தம்பி, ஒரே வீட்ல ஒரே அடுப்புல ரெண்டு பேர் சமைச்சா ருசி ஒண்ணாவா இருக்கு?"

வால் பதில் சொல்ல ஆரம்பித்தான். சித்தி அவன் காலை மிதித்தாள். அவள் கண் சுவரில் இருந்த ஒரு புகைப்படத்தில் நின்றிருந்தது.

படத்தில் பின்னால் 'முப்பதாவது வெற்றி' என்று பெரிய பேனர், அதில் தேதி. முன்னால் கைராசி நடுநாயகமாக நின்று சிரிக்கிறார். அவருடைய இரண்டு கைகளிலும் விரல் நுனிவரை மாவுக்கட்டு. பக்கத்தில் நின்ற ஒருவர் அவர் வாயில் கேக்கை ஊட்டிக்கொண்டிருக்கிறார்.

"இது எப்போ?" என்றாள் சித்தி.

பார்க்கலாம் பெருமையோடு முன்னால் வந்தார். "ரெண்டு வருஷம் ஆச்சு. சார் அன்னிக்கு முதல் நாள்தான் வண்டியில இருந்து விழுந்தார். ரெண்டு கையும் முறிஞ்சுபோச்சு. வேற யாராயிருந்தாலும் வர மாட்டேன்னு சொல்லியிருப்பாங்க. சார் வந்தார். ரூமுக்குள்ள போனார், கதவைச் சாத்தினார், மூணாவது நாள் முடிச்சுட்டு வெளியே வந்தார்!"

"ரெண்டு கையிலயும் கட்டோட?"

"ஆமாம்! அதனாலதானே கைராசின்னு சொல்றோம்!"

வால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. ரெண்டு வருடமாக இந்தப் படத்துக்கு அடியில் உட்கார்ந்துதான் கமிட்டி கூட்டம் போடுகிறது. ஏழு பேரும் படித்தவர்கள். ஒருவர்கூட அந்தக் கட்டையும் கேக்கையும் சேர்த்து யோசிக்கவில்லை என்றால், அது மரியாதையா மந்தமா என்று வாலுக்கு விளங்கவில்லை.

*

பகல் ஒன்றரை மணிக்கு, காபி போடும் மெஷின் பக்கத்து மேஜையில் வால் போனும் கையுமாக உட்கார்ந்தான். கைராசியை வரவழைத்த கம்பெனிகளில் மூன்றுக்கு அழைத்தான். சித்தி கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றே ஒன்று.

"அவரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி நீங்களே முயற்சி பண்ணீங்களா?"

முதல் ஆள் தயங்கினார். "பண்ணோம். எங்க ஆளு ஏதோ தப்பா அடிச்சுட்டான். தொண்ணூத்தேழாம் பக்கத்துல எல்லாம் அழிஞ்சுபோச்சு. எங்க கவனக்குறைவுதான்."

இரண்டாவது ஆள் ஒரு பெண்மணி. "நாலு தடவை பண்ணேன். நாலு தடவையும் அதே இடம். எனக்குக் கைராசி இல்லைன்னு விட்டுட்டேன்."

மூன்றாவது ஆள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சொல்றேன், வெளிய சொல்லிடாதீங்க. என் மேனேஜருக்கே தெரியாது. அந்தப் பக்கத்துல நான்தான் சொதப்பினேன்."

வால் போனை வைத்தான். "சித்தி, தப்பு பண்ணினது புஸ்தகம். வெக்கப்பட்டது ஊர். ஒவ்வொருத்தரும் நாம மட்டும்தான் முட்டாள்னு நினைச்சு இத்தனை நாளா வாயை மூடிக்கிட்டு இருக்காங்க!"

"அவர் போன இடத்துல அந்தப் படியைச் சரியாப் பண்ணினாரான்னு யாராவது பார்த்தாங்களா?"

"கதவு சாத்தியிருக்குமே. ஆனா சர்வர் பார்க்கும். என்ன கட்டளை எத்தனை மணிக்கு வந்ததுன்னு எல்லாத்தையும் அதுவே எழுதி வைக்கும். லாக்னு பேர்." அவன் தன் லேப்டாப்பைத் திருப்பினான். "முப்பத்தேழு இடத்து லாக்கும் இவங்க தளத்துலயே கிடக்குது. ஊரே பார்க்கலாம். இதுவரைக்கும் பார்த்தவங்க எண்ணிக்கை பூஜ்யம். இப்ப நம்மைச் சேர்த்து ஒண்ணு."

சித்திக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. வரிசை தெரியும். திரையில் ஓடிய நேரக் கணக்கை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். நாலு நொடிக்கு ஒரு கட்டளை. அடுத்த நாலு நொடிக்கு அடுத்தது. தும்மல் இல்லை, தண்ணீர் குடிக்க எழுந்ததில்லை, ஒரு எழுத்து அழித்து அடித்ததில்லை. நாற்பதாவது நிமிடம் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்றாம் நாள்வரை ஒரு சத்தமும் இல்லை.

"கட்டு போட்டிருந்த அந்த முப்பதாவது இடம்?"

"அதே நாலு நொடி."

"நாற்பத்தோராம் படி எங்கே?"

வால் தேடினான். மேலே போனான், கீழே வந்தான். வேறு ஓர் இடத்தைத் திறந்தான், அப்புறம் இன்னொன்றை. "இல்லை சித்தி. நாற்பதுக்கு அப்புறம் நாற்பத்திரண்டு. முப்பத்தேழு இடத்துலயும் அப்படித்தான். மனுஷன் அதை ஒரு தடவைகூடச் செய்யலை."

"சமையல் குறிப்பு எழுதிக் கொடுக்கறப்போ ஒரு சாமானை மாத்திச் சொல்லிடுவாங்களே, அந்தக் கதை," என்றாள் சித்தி. "வா, மணி ஆச்சு."

*

நாலு மணிக் கூட்டம் நாலே காலுக்குத் தொடங்கியது. முதல் பதினைந்து நிமிடம் போன கூட்டத்தின் குறிப்புகளை ஏற்பதா என்று விவாதித்தார்கள். யாரும் படித்திருக்கவில்லை. ஏகமனதாக ஏற்றார்கள்.

நீளமான மேஜையைச் சுற்றிக் கமிட்டியின் ஏழு பேர். அவசரமும் அந்த ஏழில் ஒருத்திதான், ஆனால் தன் விஷயத்தில் ஓட்டுப் போடக்கூடாது என்று ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். கமிட்டியில் இல்லாத கைராசி சிறப்பு விருந்தினராகத் தலைவருக்குப் பக்கத்தில், லேப்டாப்போடு.

சித்தி எழுந்தாள். பதினோரு பிரதிகளின் அழுக்கைச் சொன்னாள். மூன்று போன் அழைப்புகளை, யார் பெயரும் சொல்லாமல், சொன்னாள். "இந்தப் பொண்ணோட டூல் எந்தத் தப்பும் பண்ணலை. கையேட்ல இருந்த தப்பை அப்படியே பண்ணிச்சு. அந்த நாற்பத்தோராம் படி விஷம். அதை வெச்சவர்தான் குற்றவாளி."

கூட்டத்தில் சலசலப்பு. கைராசி மட்டும் அசையவில்லை. கைக்குட்டையால் விரல்களை ஒற்றிக்கொண்டு மெதுவாகச் சிரித்தார்.

"ரொம்ப சரி. வெச்சவர்தான் குற்றவாளி. இது திறந்த திட்டம். எந்த வரியை யார் எப்போ எழுதினாங்கன்னு வரலாறு இருக்கு. அதை ஸ்க்ரீன்ல போடுங்களேன்."

போட்டார்கள். சுவரில் எழுத்துகள் விழுந்தன. நாற்பத்தோராம் படி சேர்க்கப்பட்டது மூன்று வருடத்துக்கு முன்பு.

சேர்த்தவர்: அவசரம்.

எல்லாத் தலைகளும் ஓரத்து நாற்காலிப் பக்கம் திரும்பின. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"நானா? எனக்கு ஞாபகமே... நான் எப்போ..."

"சித்தி," என்று வால் காதருகே கிசுகிசுத்தான். "நம்ம ஆளே நமக்கு ஆப்பு வெச்சுட்டா. பின்வாசல் எந்தப் பக்கம்?"

சித்திக்கும் அது புதுச் செய்திதான். பிழை திருத்துபவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, ஒரு பிழையைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் பக்கத்து வரியைப் பார்க்காமல் போய்விடுவார்கள். வரலாற்றைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தன் மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வெளியே தண்ணீர் குடித்து நிதானமாகத் தம்ளரை வைத்தாள்.

"காலையில ஒவ்வொரு வரியும் என்னுதுன்னு சொன்னீங்க."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"சரி. படி முக்கியமானது, சரியானதுன்னும் சொன்னீங்க. ஒவ்வொரு தடவையும் செய்யறேன்னீங்க. கை மட்டும்தான் வேணும்னீங்க. இதுவும் பேச்சுக்கா?"

கைராசி தலைவரைப் பார்த்தார். தலைவர் மேஜையைப் பார்த்தார். "இல்லை. அது உண்மை."

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. யார் எழுதினா என்ன, படி நல்ல படி. உங்க லேப்டாப்லயே ஒரு குட்டி கிளவுட் வெச்சிருக்கீங்கன்னு போன்ல பேசினவங்க இவன்கிட்ட சொன்னாங்க. போற இடமெல்லாம் அதைக் காட்டித்தானே விளக்குவீங்க. அதுல இப்போ அந்த நாற்பத்தோராம் படியைச் செய்யுங்க. எல்லார் முன்னாடியும். உங்க கையால."

கைராசி சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"இங்க எதுக்கு... சூழ்நிலை சரியில்லை..."

"ரெண்டு கையிலயும் கட்டோட செஞ்சவர் நீங்க," என்றான் வால். "இன்னிக்குப் பத்து விரலும் காத்தாட இருக்கே சார்."

வால் எழுந்துபோய்க் கையேட்டில் அந்தக் கட்டளை உள்ள பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தான். பார்க்கலாம்கூட, வாழ்க்கையில் முதல் தடவையாக, "செய்ங்க சார்," என்றார். கைராசி விரல்களை விசைப்பலகைக்கு மேலே கொண்டுபோனார். முதல் பத்து எழுத்துகள் அடித்தார். நெற்றி வேர்த்தது. கடைசி எழுத்தும் வந்தது. ஒரே ஒரு பொத்தான் பாக்கி. விரல் அதற்கு மேலே நின்றது. பிறகு அவர் லேப்டாப்பைப் பட்டென்று மூடி, பிள்ளையை அணைப்பது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"முடியாது. இதுல என்னோடது எல்லாம் இருக்கு."

"என்ன இருக்கு?"

அவருக்குப் பதிலாக வால் சொன்னான். முப்பத்தேழு லாக்குகளையும் சுவரில் போட்டுக் காட்டினான். நாலு நொடிக்கு ஒரு கட்டளை. நாற்பது நிமிடம். நாற்பத்தோராம் படி ஓர் இடத்திலும் இல்லை. "அதுல ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு. தானாவே ஓடற இன்ஸ்டாலர். இந்தப் பொண்ணு கண்டுபிடிக்கறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே சார் கண்டுபிடிச்சுட்டார். இந்தத் திட்டத்துக்கு ஆட்டோமேஷன் கூடாதுன்னு எதிர்த்துக்கிட்டிருந்த ஒரே ஆள்தான் ஆட்டோமேஷன் வெச்சிருந்த ஒரே ஆள்."

அப்போதுதான் அவசரத்துக்கு ஞாபகம் வந்தது. "நான் திட்டத்துல சேர்ந்த முதல் வாரம்! புதுசா வர்றவங்களுக்குச் சின்னச் சின்ன வேலை போட்டிருப்பாங்க. அதுல ஒண்ணு, 'கையேட்ல இந்த வரியைச் சேர்க்கவும்'. கட்டளையைக்கூட அதுலயே கொடுத்திருந்தாங்க. நான் வெறுமனே எடுத்து ஒட்டினேன். என் முதல் பங்களிப்புன்னு வீட்ல எல்லாருக்கும் காட்டினேன்!"

"திரையை ஒரு வரி மேலே ஏத்துடா," என்றாள் சித்தி.

ஏற்றினான். வேலையைப் போட்டவர்: கைராசி. அதற்குக் கீழே, சரிபார்த்து ஒப்புதல் தந்தவர்கள் இரண்டு பேர். வரி வந்த நாற்பதாவது நொடியில் இருவரும் 'அருமை' என்று எழுதியிருந்தார்கள். அதில் ஒருவர் பார்க்கலாம்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அன்னிக்கு வேலை கொஞ்சம் அதிகம்."

*

"மூணு நாள் உள்ள உட்கார்ந்து என்ன சார் பண்ணுவீங்க?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"தூங்குவேன்." கைராசி லேப்டாப்பை இன்னும் விடவில்லை. "துப்பறியும் நாவல் படிப்பேன்."

"அதுல முடிவு எப்படி வரும்னு தெரிஞ்சுமா?" என்றான் வால். சித்தி மிதித்தாள்.

"சிரிங்க. உங்களுக்கு என்ன?" என்றார் கைராசி. "நான் போற இடத்துல வாசல்ல கார் வந்து நிக்கும். பெரிய பெரிய ஆளுங்க எழுந்து நின்னு கை குடுப்பாங்க. கையைத் தொட்டுப் பார்ப்பாங்க. என் வீட்ல யாரும் என்னை ஒரு பொருட்டா மதிச்சதில்லை. நாற்பது நிமிஷ வேலை, ஒரு பொத்தானை அமுக்கினா போதும்னு தெரிஞ்சா எவன் எனக்கு எழுந்து நிப்பான்? அந்தப் படியை வெக்கலைன்னா ஆறே மாசத்துல எல்லாரும் அவங்கவங்களே பண்ணிக்க ஆரம்பிச்சிருப்பாங்க."

சித்திக்கு அவர் மேல் ஒரு கணம் இரக்கம் வந்தது உண்மை. அடுத்த கணம், நாலு தடவை முயன்று தனக்குக் கைராசி இல்லை என்று விட்டுவிட்ட அந்தப் பெண்மணியின் குரல் நினைவுக்கு வந்தது. இரக்கம் போய்விட்டது.

முதல் ஓட்டு: அவசரத்தின் உரிமையைப் பறிப்பதா? ஆறு பேரில் ஒருவரும் கை தூக்கவில்லை. டூலைத் தூக்கி எறிவதா? அதற்கும் இல்லை. அவள் மேஜைக்குத் திரும்பித் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுதாள். இந்தத் தடவை யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.

இரண்டாவது ஓட்டு: கைராசியைத் திட்டத்திலிருந்து நீக்குவதா? மூன்று கைகள் மேலே போயின. மூன்று கைகள் கீழேயே இருந்தன. ஏழாவது கை அவசரத்தினுடையது. நேற்று இதே அறையில் அவளைக் கொலைகாரி என்று சொன்ன கைராசி எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பார்க்கலாம் அவளைப் பார்த்தார்.

அவள் கண்ணைத் துடைத்தாள். கை தூக்கவில்லை.

"நீங்க இருங்க சார். ஆனா செத்துப்போன ஒன்பது சர்வரையும் நீங்கதான் திரும்ப எழுப்பணும். உங்க ஸ்கிரிப்ட் கூடாது. உங்க கையேட்டை வெச்சு, முதல் பக்கத்துல இருந்து, கையால அடிக்கணும். எங்கெல்லாம் தப்பு இருக்கோ அங்கெல்லாம் திருத்திக்கிட்டே வரணும். நீங்க திருத்தின கையேட்டைத்தான் என் டூல் ஓட்டும். கதவு திறந்திருக்கும். நாங்க எல்லாரும் இங்கேயே உட்கார்ந்திருப்போம்."

ஒருவரும் எதிர்க்கவில்லை. அங்கேயே ஒரு மேஜையை நடுவில் இழுத்துப் போட்டு, அதில் வேறொரு கம்ப்யூட்டரை வைத்தார்கள். அவருடைய லேப்டாப்பை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். நீலப் பிரதி ஒன்றை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்தார்கள்.

கைராசி நிமிர்ந்து உட்கார்ந்து விரல்களைச் சொடுக்கினார். முதல் பக்கம் சுமாராகப் போனது. இரண்டாவது பக்கத்தில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தார். நாலாவது பக்கத்தில் கண்ணாடி கேட்டார். ஐந்தாவது பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

ஆறாவது பக்கத்தில் நின்றுவிட்டார். ஒரு வரியைப் படித்தார். பக்கத்தைத் திருப்பிப் பின்னால் போய்ப் பார்த்தார். முன்னால் வந்து பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"ஏற்கெனவே சொன்ன முறைப்படி அமைக்கவும்னு போட்டிருக்கு. எங்கேய்யா சொல்லியிருக்கு? ஒரு இடத்துலயும் காணோமே! எந்த மடையன் இதை எழுதினான்?"

"ஒவ்வொரு வரியும் உங்களுதுன்னீங்களே சார்," என்றான் வால்.